சிறு பாறை நகரத்தின் பெரிய தேர்தல்

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் தேசம் முழுவதும் ஒரு வருஷ காலம் வேறு பேச்சே பேசாது. பள்ளிக்கூட போர்டுத் தேர்தல் விஷயம் அப்படியல்ல. அது நடந்து முடிந்த செய்தி அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். வோட்டுச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு, எப்போது மணியடிக்கும் என்று காத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தேசத்திலேயே ஒரு நகரத்தில், 1959-ஆம் வருஷம் மே மாதத்தில், பள்ளிக்கூட போர்டு அங்கத்தினர் ஆறு பேரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வியின் மீது ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. அந்த நகரத்துக்கு இப்போது போய் வரலாம், வாருங்கள்.

நகரத்தின் பெயர் லிட்டில் ராக். 'சிறு பாறை' என்று அர்த்தம். ஆர்க்கன்ஸா ராஜ்யத்தின் தலைநகரம் இது. (எழுதும்போது அந்தப் பெயரின் கடைசியில் ஒரு 'ஸ்' வரும்; சொல்லும்போது அதை விழுங்கிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ஊரார் சிரிப்பார்கள்.) ராஜ்யத்தின் பெயரையே கொண்ட பெரிய நதி ஒன்று ஓடுகிறது. அதன் தென்கரையில் நகரம் அமைந்திருக்கிறது. 1722-ஆம் வருஷத்தில் லா ஹார்ப் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நதி வழியே வந்தபோது, கரையில் நீட்டிக்கொண்டிருந்த சிறிய பாறை ஒன்று அடையாளமாயிற்று. பின்னால் ஊருக்கு அதுவே பெயருமாயிற்று. பாவம், அந்தப் பாறையில் பெரும் பகுதியை ரயில் பாலம் கட்டுவதற்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டை நதிக்கரைப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம்.

நகரம் அடங்கிய ஜில்லாவுக்கு புலாஸ்கி என்று பெயர். புலாஸ்கி என்பவர் போலந்து தேசத்துப் பிரபு. அமெரிக்காவின் சுதந்திரப் போரில் சேர்ந்து போராடி, 1779-இல் அந்த அந்நிய மண்ணிலேயே உயிர் விட்டவர். பிறர் விடுதலைக்காக இறந்தவரின் பெயரைத் தாங்கிய ஜில்லாவில்தான் பின்வரும் சம்பவங்கள் நடந்தன என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சின்னஞ்சிறு ராஜ்யங்கள்

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை நடத்துவது டில்லி போன்ற ஒரு மத்திய சர்க்கார் அல்ல. தேசம் முழுவதும் 'பள்ளி வட்டாரங்கள்' என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரமும் ஒரு சின்னஞ்சிறு ராஜ்யம். புலாஸ்கி ஜில்லா ஒன்றில் மட்டும் இன்று இப்படி நான்கு வட்டாரங்கள் இருக்கின்றன. வட்டாரத்து ஜனங்கள் வோட்டுப் போட்டு ஒரு போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிகளின் தலைமை அதிகாரியை நியமிப்பது, உபாத்தியாயர்களுடன் வருஷ ஒப்பந்தம் செய்துகொள்வது, வரவு செலவுத் திட்டம் போடுவது எல்லாம் போர்டின் வேலை. ஆர்க்கன்ஸாவில் இந்த அங்கத்தினர்களுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளமில்லாத பதவிக்கு ஏன் போட்டி என்று கேட்கத் தோன்றும். ஊரார் குழந்தைகள் எந்தப் பள்ளியில், யாரிடம், யாருடன் உட்கார்ந்து படிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சாமான்யமானதா?

பணத்துக்கும் வழி இதே தேர்தல்தான். பள்ளி வரியை அங்கே 'மில்' கணக்கில் விதிக்கிறார்கள். ஒரு மில் என்பது ஒரு டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீடு வாசலின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, அதன் மேல் இத்தனை மில் என்று வரி போடுவார்கள். ராஜ்யம் முழுவதற்கும் பொதுவாக 25 மில் என்று 1996-இல் ஏற்பட்டது. அதற்கு மேல் உயர்த்த வேண்டுமானால் வட்டாரத்து வாக்காளர் சம்மதிக்க வேண்டும்.

கோட்டை போன்ற பள்ளிக்கூடம்

நகரத்தில் பார்க்க வேண்டிய முதல் இடம் சென்ட்ரல் ஹைஸ்கூல். 1927-ஆம் வருஷத்தில் பதினைந்து லட்சம் டாலர் செலவில் கட்டிய மாளிகை. வாசல் முகப்பில் நான்கு சிலைகள் நிற்கின்றன. உயர்ந்த நோக்கம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்பவை அவற்றின் பெயர்கள். எதிர்ப்புறத் தெருமுனையில் பழைய பெட்ரோல் கடை ஒன்றை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1957-இல் உலகப் பத்திரிகை நிருபர்கள் அந்தக் கடை டெலிபோனுக்காகத்தான் முண்டியடித்தார்கள். பக்கத்தில் 2007-இல் திறந்த காட்சிசாலையும் இருக்கிறது. பள்ளிக்கூடம் தேசிய சரித்திரச் சின்னம்; ஆனாலும் மணி அடிக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள்.

1957-இல் நடந்தது உலகமறிந்த கதை. கறுப்பு இனத்தாரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்ட விரோதம் என்று 1954-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. லிட்டில் ராக் போர்டு ஒன்பது கறுப்பு மாணவ மாணவிகளைச் சென்ட்ரல் பள்ளியில் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. கவர்னர் ஓர்வல் ஃபாபஸ் துப்பாக்கி ஏந்திய ராஜ்யப் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். ஜனாதிபதி ஐஸன்ஹோவர் ராணுவத்தின் 101-வது வான்வழிப் பிரிவை அனுப்பினார். செப்டம்பர் 25-ஆம் தேதி பட்டாளத்தின் நடுவே அந்த ஒன்பது பேரும் படியேறினார்கள். ராஜ்ய சட்டசபைக் கட்டடத்தின் தோட்டத்தில் அவர்களுடைய வெண்கலச் சிலைகளை 2005-இல் நாட்டியிருக்கிறார்கள். புத்தகத்தை அணைத்துக்கொண்டு நடந்து வருவது போலவே நிற்கிறார்கள். இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள். அடுத்த வருஷம் என்ன நடந்தது என்பதைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை.

பாடமில்லாத வருஷம்

1958 செப்டம்பரில், சேர்ந்து படிப்பதைத் தள்ளிப்போட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உறுதியாகச் சொன்னது. அன்றைக்கே கவர்னர் நகரத்தின் நான்கு ஹைஸ்கூல்களையும் இழுத்து மூட உத்தரவு போட்டார். மூன்றாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். செப்டம்பர் 27-ஆம் தேதி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் இரு இனத்தாரும் சேர்ந்து படிக்கச் சம்மதமா, இல்லையா என்பதுதான் கேள்வி. படிப்படியாகச் செய்யலாம் என்று நினைத்தவர்களுக்குச் சீட்டில் இடமே இல்லை. சம்மதம் என்றவர்கள் 7,561 பேர். கூடாது என்றவர்கள் 19,470 பேர். கதவுகள் மூடியபடியே கிடந்தன.

உபாத்தியாயர்களுக்கு ஒப்பந்தம் இருந்ததால், அவர்கள் தினந்தோறும் வந்து காலி வகுப்புகளில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பாடம்தான் நின்றதே தவிர, கால்பந்துப் பந்தயம் நிற்கவில்லை! கணக்கும் சரித்திரமும் இல்லாத பள்ளிக்கூடத்தின் பெயரால் பையன்கள் பந்தயம் ஆடினார்கள். ஊரார் போய்ப் பார்த்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தனியார் பள்ளியையோ வெளியூர் உறவினர் வீட்டையோ தேடிக்கொண்டார்கள். கறுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எந்தப் பள்ளியும் கிடைக்கவில்லை. 'இழந்த வருஷம்' என்று அந்த ஊரில் இன்றும் அதற்குப் பெயர்.

நகரத்தின் கிழக்கு ஏழாவது தெருவில், உயரமான வெள்ளைத் தூண்களுடன் 1840-இல் கட்டிய பழைய வீடு ஒன்று இருக்கிறது. அங்கே அடால்ஃபின் ஃப்ளெட்சர் டெரி என்ற அம்மாள் வசித்து வந்தார். அவருடைய கணவர் முன்னாள் காங்கிரஸ் சபை அங்கத்தினர். சகோதரர் பிரபல கவிஞர். அம்மாளுக்கு வயது 75. ஆடவர்கள் இந்தக் காரியத்தில் முன்வரப் போவதில்லை, பெண்கள்தான் இறங்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். 1958 செப்டம்பர் 16-ஆம் தேதி அந்த வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடி, பள்ளிகளைத் திறப்பதற்கான அவசரக் கமிட்டி ஒன்றை அமைத்தார்கள்.

உண்மையை மறைப்பதற்கில்லை. அந்தக் கமிட்டியில் கறுப்புப் பெண்களுக்கு இடமில்லை. சேர்ந்து படிப்பதை ஆதரிக்கிறோம் என்றும் அவர்கள் சொல்லவில்லை. பள்ளியைத் திற என்று மட்டுமே சொன்னார்கள். அதற்கே மிரட்டல் டெலிபோன்கள் வந்தன. அங்கத்தினர் ஜாபிதாவை இரகசியமாக வைத்திருந்தார்கள். கணவன்மாரின் உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் ஆபத்து வருமே என்ற பயம் நியாயமான பயம். பின்னால், நாற்பது வருஷம் கழித்து, அந்தப் பெயர்கள் வெளியாயின. அந்த வீட்டின் ஜன்னல் கண்ணாடிகளில் அவற்றைப் பொறித்திருக்கிறார்கள். யாத்ரிகர்கள் நின்று படிக்க வேண்டிய ஜன்னல் அது.

மே மாதம் 25-ஆம் தேதி

இதற்கிடையில் பழைய போர்டில் ஐந்து பேர் ராஜிநாமாச் செய்துவிட்டார்கள். டிசம்பரில் நடந்த தேர்தலில் மூன்று பிரிவினைவாதிகளும் மூன்று மிதவாதிகளும் வந்து சேர்ந்தார்கள். தராசு அசையவில்லை.

1959 மே 5-ஆம் தேதி போர்டு கூடியது. உபாத்தியாயர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நாள். சச்சரவு முற்றவே, மிதவாதிகள் மூவரும் எழுந்து வெளியேறினார்கள். எஞ்சிய மூவரும் தாங்களே போர்டு என்று சொல்லிக்கொண்டு, சேர்ந்து படிப்பதற்கு உடந்தை என்று தாங்கள் சந்தேகித்த 44 உபாத்தியாயர்களையும் அதிகாரிகளையும் வேலையிலிருந்து நீக்கித் தீர்மானம் போட்டார்கள்.

கோர்ட்டையும் பட்டாளத்தையும் பார்த்து அசையாத ஊர் இதைக் கேட்டதும் அசைந்தது. நீக்கப்பட்டவர்கள் ஊராருக்குத் தெரிந்தவர்கள். பலர் தலைமுறையாகப் பாடம் சொன்னவர்கள். 'நம் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அம்மாளையா?' என்று வீட்டுக்கு வீடு கேள்வி எழுந்தது. வியாபாரப் பிரமுகர்கள் அதுவரை மௌனமாக இருந்தவர்கள். அவர்களும் வெளியே வந்து 'ஸ்டாப்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். அநியாயமான இந்த நீக்கத்தை நிறுத்து என்பதன் சுருக்கம் அது. எதிர்த் தரப்பார் தங்கள் சங்கத்துக்கு 'கிராஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரிந்த பள்ளிகளைக் காப்பாற்றும் கமிட்டி என்பதன் சுருக்கம். சிலுவை என்றும் பொருள் வரும். ஒருவருடைய ஆட்களைத் திருப்பி அழைக்க மற்றவர் மனுப் போட்டார்கள். ஆறு பேரின் தலைவிதியும் ஒரே நாளில், ஒரே சீட்டில் தீர்மானிக்கப்பட வேண்டியதாயிற்று.

அவசரக் கமிட்டிப் பெண்கள் எட்டு மாதமாகத் தயாரித்து வைத்திருந்த வாக்காளர் அட்டைகள் இப்போது உபயோகப்பட்டன. தெருத் தெருவாகப் பெயர் பார்த்து டெலிபோன் செய்தார்கள்; சாவடிக்குப் போக வண்டி ஏற்பாடு செய்தார்கள். அந்நாளில் ஆர்க்கன்ஸாவில் வோட்டுப் போட வருஷத்துக்கு ஒரு டாலர் தலைவரி கட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு டாலரைக் கட்டியிருந்த கறுப்பு இனத்தார் சாவடிக்கு வந்தார்கள். மேட்டுப் பகுதியின் பணக்கார வெள்ளையரும் வந்தார்கள். மற்ற நாளில் ஒரே மேஜையில் உட்காராத இரண்டு கூட்டத்தாரின் சீட்டும் ஒரே பெட்டியில் விழுந்தது.

வித்தியாசம் அதிகமில்லை, ஆனால் முடிவு தெளிவாக இருந்தது. பிரிவினைவாதிகள் மூவரும் பதவி இழந்தார்கள். மிதவாதிகள் மூவரும் நிலைத்தார்கள். பள்ளிகளை மூடிய சட்டம் செல்லாது என்று ஜூன் மாதம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகஸ்டு 12-ஆம் தேதி ஹைஸ்கூல்கள் திறந்தன. அன்று கலகம் செய்ய வந்த கூட்டத்தைக் கலைக்கப் பட்டாளம் தேவைப்படவில்லை. உள்ளூர்ப் போலீஸாரே தீயணைக்கும் குழாயைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சினார்கள்.

தேர்தல் இல்லாத ஐந்து வருஷம்

இத்துடன் எல்லாம் சுபம் என்று எழுதிவிட்டால் பொய்யாகும். பல வெள்ளைக் குடும்பங்கள் புறநகரங்களுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் போய்விட்டன. வழக்குகள் பல வருஷங்கள் நடந்தன. 2015 ஜனவரி 28-ஆம் தேதி, 48 பள்ளிகளில் ஆறு பள்ளிகளின் படிப்புத் தரம் குறைந்திருக்கிறது என்ற காரணத்தால், ராஜ்யக் கல்விச் சபை ஐந்துக்கு நான்கு என்ற வோட்டில் வட்டாரம் முழுவதையும் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த போர்டு கலைக்கப்பட்டது.

தேர்தலன்று கொட்டாவி விட்டவர்கள், தேர்தலே இல்லை என்றதும் விழித்துக்கொண்டார்கள். 2019 அக்டோபரில் சென்ட்ரல் பள்ளியின் முன்னால், இரு இனத்தாரும் மெழுகுவர்த்தி ஏந்தித் திரண்டு நின்றார்கள். நவம்பரில் உபாத்தியாயர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் போர்டை எங்களுக்குக் கொடு என்பதே கோரிக்கை. கடைசியில் 2020 நவம்பரில், ஒன்பது அங்கத்தினர் கொண்ட புதிய போர்டுக்குத் தேர்தல் நடந்தது.

இந்த ஊரின் சரித்திரத்தைப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பள்ளியை மூடியதும் ஜனங்களின் வோட்டுதான். திறக்க வழி செய்ததும் ஜனங்களின் வோட்டுதான். வோட்டுக்கு என்று தனியே ஒரு தர்ம புத்தி கிடையாது. எட்டு மாதம் அட்டை எழுதி, கதவைத் தட்டி, வசைகளைக் கேட்டுக்கொண்ட சில பெண்களுக்கும், தலைவரி கட்டி வரிசையில் நின்ற ஏழை ஜனங்களுக்கும் அந்தப் புத்தி இருந்தது. சிறு பாறையில் பெரும் பகுதி தகர்ந்து போனாலும், எஞ்சிய துண்டு நதிக்கரையில் அசையாமல் இருக்கிறது.