ஓசி!

சுருளிப்பட்டிப் பக்கம் என் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். அந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு கொத்துகூடக் கையில் தர மாட்டார்!) போன கோடையில் நான் போய் இறங்கிய அன்றைக்குப் போர் மோட்டார் ஓடவில்லை. காய் பருக்கிற நேரம். பெரியப்பா நெற்றியில் சொட்டு நீர்ப் பாசனம்.

"படிச்சவன்தானே நீ... இந்தப் பொட்டி என்னமோ சொல்லுது, பாரு."

நான் படித்தது பி.காம்! சுவரில் இருந்ததோ டிரைவ். வருகிற கரண்டை டி.சி.யாக மாற்றி, மறுபடி வேண்டிய வேகத்துக்குத் தக்கபடி நறுக்கி மோட்டாருக்குப் பரிமாறுகிற பெட்டி. அதன் சின்னத் திரையில் இரண்டே ஆங்கில எழுத்து.

"ஓசின்னு போட்டிருக்கு பெரியப்பா."

சுர்ரென்று ஏறிவிட்டது மனிதருக்கு. "1990-லேர்ந்து விவசாயிக்குக் கரண்டு இலவசம். ஊர்ல நாலு பேரு ஓசிக் கரண்டுன்னு பேசுறது பத்தாதா? காசு குடுத்து வாங்குன பொட்டியுமா சொல்லிக் காட்டணும்?"

ரீசெட்டை அமுக்கினார். ஒரு முனகல், மறுபடி ஓசி. என் பங்குக்கு நானும் அமுக்கினேன். ஏழெட்டுத் தடவை இருக்கும். டவுனில் ஒரு கடைக்குப் போன் போட்டால், "டிரைவ் போயிருச்சு, புதுசு மாத்திருங்க" என்று பார்க்காமலேயே தீர்ப்பு. சொன்ன விலையைக் கேட்டுப் பெரியப்பா ராத்திரி சாப்பிடவில்லை.

காலையில் பெரியம்மா ஓர் ஆளைக் கூட்டி வந்தார். ஆண்டிப்பட்டிப் பக்கம் நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர். வந்ததும், "ரீசெட்டை எத்தனை தடவை அமுக்குனீங்க?" என்றார். நாங்கள் இருவரும் திராட்சைப் பந்தலைப் பார்த்தோம்.

"ஓசின்னா ஓவர் கரண்டு தம்பி. மோட்டார் அளவுக்கு மேல இழுக்குது, நிறுத்திட்டேன்னு சொல்லுது. ஏன் இழுக்குதுன்னு அதுக்குத் தெரியாது, அதை நாமதேன் பாக்கணும். சும்மா சும்மா அமுக்குனா வைண்டிங்கும் போகும், டிரைவும் போகும். ஆமா, இதுக்கு முன்னாடி ஓ.எல்.னு மின்னுச்சாண்ணே?"

"ரெண்டு நாளா மின்னுச்சு. மோட்டார்தேன் ஓடுச்சே, விட்டுட்டேன்."

"அதுதாண்ணே அலாரம். சுமை தாங்கலைன்னு சொல்லிக்கிட்டே ஓடும். ஃபால்ட்டுன்னா நிறுத்திரும். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும். சிலதுல வெறும் நம்பர்தேன் வரும். புஸ்தகம் எங்க?"

புஸ்தகம் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருந்தது.

மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தார். உள்ளே கெப்பாசிட்டரில் 580 வோல்ட் வரைக்கும் நிற்குமாம். ஆஃப் பண்ணினதும் கை வைத்தால் ஆளைத் தூக்கிவிடுமாம். (ஸ்குரூ டிரைவரோடு நெருங்கிக்கொண்டிருந்த நான் மெதுவாகப் பின்வாங்கினேன்.) பிறகு மோட்டார் வயர் மூன்றையும் கழற்றிவிட்டு டிரைவை மட்டும் ஓட்டினார். ஓசி வரவில்லை. "பொட்டி நல்லாருக்கு!" கழற்றிய வயர்களில் மெக்கர் வைத்துப் பார்த்தார். வைண்டிங்கும் நல்லாயிருந்தது. மிச்சம் பம்புதான். நாலு ஆள் சேர்ந்து மேலே ஏற்றினால், இம்பெல்லர் முழுக்க மணல். சுற்ற வழியில்லை, அதான் கரண்டை இழுத்திருக்கிறது. கழுவி இறக்கிவிட்டார்கள். சாயங்காலம் கொடிக்குத் தண்ணீர் பாய்ந்தது.

கிளம்பும்போது, "காசெல்லாம் வேண்டாம்ணே, காபி குடிச்சாச்சு" என்றார் மில்காரர்.

பெரியப்பா அவர் சட்டைப் பையில் நோட்டுகளைத் திணித்தார். "பிடிங்க. இந்த வீட்ல இனிமே ஓசிங்கிற பேச்சே ஆகாது!"