துரோலாக்கிலிருந்து ஒரு பகல் நடை

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இப்போது பழைய சாலையில் போகிறார்கள்? வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, சிலிம் ரிவர் என்பது பலகையில் ஒரு பெயராகிவிட்டது. அதற்கு முன்பு விரைவுப் பேருந்தில் போனவர்களுக்கும் அது தூக்கத்தில் கடந்துபோன ஊர்தான். ஆனால் தோட்டத்தில் பிறந்த நமக்கு அந்தச் சாலை வேறு வகையில் சொந்தம். நம் பெரியவர்களில் பலர் அதைக் காலால் அளந்தவர்கள்.

கடந்த பள்ளி விடுமுறையில் நானும் அதைக் காலால் அளந்து பார்க்கத் தீர்மானித்தேன். தாப்பாவில் தொடங்கித் தஞ்சோங் மாலிமில் முடியும் நடை. துணைக்கு யாருமில்லை. முதல் நாள் பீடோர், இரண்டாம் நாள் சுங்காய் வழியாகத் துரோலாக். அங்கே என்னோடு ஆசிரியர் பயிற்சி பெற்ற நண்பர் வீட்டில் தங்கினேன். துரோலாக்கிலிருந்து சிலிம் வில்லேஜ் வரை நடந்த மூன்றாம் நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். மற்ற நாட்கள் ஊர் பார்க்க நடந்தவை. இந்த ஒரு நாள் எங்கள் அப்பாயிக்காக நடந்தது.

அப்பாயி துரோலாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். 1943ல் தாத்தாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். கையில் ஆறு மாதக் குழந்தை, அதுதான் என் பெரியப்பா. லயத்தில் அரிசி இல்லை. சிலிம் வில்லேஜ் பக்கம் இருந்த தன் தாய் வீட்டுக்கு அப்பாயி தனியாக நடந்தார். "எவ்வளவு தூரம் அப்பாயி?" என்று கேட்டால் கட்டைக் கணக்குச் சொல்லமாட்டார். "ஒரு பகல் நடைடா" என்பார். அந்த ஒரு பகல் எப்படிப்பட்டது என்று அறியத்தான் புறப்பட்டேன்.

விடியலில்

காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பும்போது இன்னும் இருட்டு விலகவில்லை. 1982ல் நாட்டின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தோம். சூரியன் அதற்குக் கட்டுப்படவில்லை! தோளில் ஒரு பை, அதில் இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு குடை, துண்டு, நண்பரின் மனைவி கட்டிக் கொடுத்த இட்டிலி. காலில் பள்ளிக்குப் போட்டுப் போகும் பழைய சப்பாத்து. புதுச் சப்பாத்தில் நெடுந்தூரம் நடக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. ஆகவே நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர் வலப்பக்கம் நடக்க வேண்டும். எதிரே வருகிற லோரியைப் பார்க்கலாம், ஒதுங்கலாம். முதுகுக்குப் பின்னால் வருகிற லோரியை யார் பார்ப்பது?

துரோலாக்கைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனை. நம் நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் 1917ல் சிலாங்கூரிலுள்ள தெனமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. ஆனால் நம் மக்களின் வாழ்வில் அது பெரிதாக நுழைந்தது 1960களுக்குப் பிறகுதான். அப்பாயி நடந்தபோது இங்கே ரப்பர் மரங்கள் இருந்திருக்கும். விடியும் முன்பே மரம் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இந்நேரம் காடு முழுக்க விளக்கும் பேச்சுக்குரலுமாய் இருந்திருக்கும். இன்று பனை ஓலையில் சொட்டும் பனியின் சத்தம்தான் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்களைப் பார்த்தேன். வங்காளதேசத்து இளைஞர்கள் மூவர். ஒருவர் நீண்ட கம்பத்தில் பூட்டிய அரிவாளால் குலையை அறுக்க, மற்ற இருவர் உதிர்ந்த பழங்களைச் சாக்கில் பொறுக்கினார்கள். "எங்கே போகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார் ஒருவர். "சிலிம் வில்லேஜ்" என்றேன். "நடந்தா?" என்று சிரித்தார். தன் ஊரில் அவருடைய அம்மாவும் சந்தைக்கு நடந்துதான் போவாராம். மூன்று ஆண்டாகிறது பார்த்து என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்து மரத்தடியில் தாயை நினைத்துக்கொண்டவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள் அல்லவா?

சாலையின் சண்டை

இந்தச் சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1942 ஜனவரி 7ஆம் நாள், அதிகாலை மூன்றரை மணி. வடக்கே இருந்து இருபதுக்கு மேற்பட்ட ஜப்பானிய டாங்கிகள் இதே தார்ச்சாலையில் உருண்டு வந்தன. பிரிட்டிஷ் தரப்பில் காவல் நின்றவர்கள் பெரும்பாலும் பஞ்சாபியர், ஹைதராபாத் படையினர், கூர்க்காக்கள் முதலியோர். ஸ்காட்லாந்துப் படை ஒன்றும் இருந்தது. வளைந்து வளைந்து கிடந்த சாலையைச் சண்டைக்கு முன்பே நேராக்கியிருந்தார்கள். கைவிடப்பட்ட பழைய வளைவுகள் பக்கத்திலேயே மறைந்து கிடந்தன. டாங்கிகள் அந்த வளைவுகளில் புகுந்து, காவல் நின்றவர்களைச் சுற்றிக்கொண்டு போயின.

அன்று அந்த டாங்கிகள் சுமார் 19 மைல் தூரம் வந்தன. கூர்க்கா வீரர்கள் சாலையில் அணிவகுத்து நடந்து போய்க்கொண்டிருந்தபோதே பின்னாலிருந்து சிக்கினார்கள். காலை எட்டரை மணி அளவில் சிலிம் ஆற்றுப் பாலமும் பிடிபட்டது. பாலத்தைத் தகர்க்கப் பூட்டியிருந்த வெடிகளின் கம்பியை ஒரு ஜப்பானிய அதிகாரி இறங்கி வெட்டினார். நான்கே நாளில், ஜனவரி 11ல், கோலாலம்பூர் விழுந்தது.

வரலாற்றுப் புத்தகங்களில் படை எண்களும் தளபதிகளின் பெயர்களும் இருக்கும். லயத்தில் இருந்தவர்கள் இருக்கமாட்டார்கள். "ரோடே உறுமுச்சு. இடின்னு நெனைச்சு வெளியில கெடந்த வெறகை எடுத்து உள்ள வச்சேன்" என்பார் அப்பாயி. அவருக்கு அந்தச் சண்டை அவ்வளவுதான். அவருடைய சண்டை அடுத்த ஆண்டு வந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களின் கணக்கு எந்தக் கிராணியின் புத்தகத்திலும் முழுதாக இல்லை.

செம்பனைக்குள் ஓரிடத்தில், சாலையை விட்டு விலகிப் போய் மீண்டும் அதனோடு சேரும் ஒரு மண்பாதையைக் கண்டேன். அந்தப் பழைய வளைவுகளில் ஒன்றோ, வெறும் தோட்டப் பாதையோ! அங்கே உட்கார்ந்து இட்டிலியைத் தின்றேன்.

தண்ணீர் கொடுத்தவர்கள்

சிலிம் ரிவர் பட்டணத்தை அடைந்தபோது மணி பத்தரை. ரயில் நிலையமும் கடை வரிசையும் உள்ள அமைதியான ஊர். ஒரு சீனர் கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். தனியாக, வியர்வையில் நனைந்து, பையோடு வந்த ஆளைக் கடைக்கார அம்மாள் மேலும் கீழும் பார்த்தார். நடந்து வந்த கதையைச் சொன்னதும் உள்ளே போய், என் இரண்டு போத்தலிலும் கொதித்து ஆறிய நீரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். கோப்பிக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் தெரியுமா? அப்பாயியின் கதையிலும் ஒரு சீனக் கடை உண்டு. பூட்டிய கடையின் பலகை இடுக்கு வழியாக ஒரு கிழவி சுடுநீர் கொடுத்தாராம். அந்தக் காலத்தில் சீனர்களுக்குத் தங்கள் உயிரே நிலையில்லை. ஆனாலும் கதவு இடுக்கு திறந்தது. இந்தக் கடைதான் அது என்று நான் சொல்லவில்லை. அதைத் தேடவும் இல்லை.

சிலிம் ரிவரை விட்டால் சாலை கிழக்கே திரும்புகிறது. எதிரே நீலமாய் மலைத்தொடர். இந்தப் பக்கம்தான் குளூனி தோட்டம். கூர்க்காக்கள் சிக்கிய இடத்தைச் சொல்லும்போது சண்டையின் வரலாறு குறிப்பிடுகிற பெயர். குளூனி தோட்டத் தமிழ்ப்பள்ளியாலும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. 1957ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. தோட்டம் கைமாறும், லயம் இடிபடும், மக்கள் பட்டணம் போவார்கள். கடைசிவரை தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். ஆசிரியன் என்பதால் நான் இதை மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். உங்கள் பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

பகல் ஒரு மணிக்கு வெயில் தாரை இளக்கியது. குடையை விரித்தேன். நல்ல வேளையாகச் சூரியன் முதுகுப் பக்கம் சாய ஆரம்பித்தது. மோட்டாரில் வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார். நான் நடக்கவே வந்தவன் என்று சொல்லி நன்றி கூறினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவர், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம். வாழையிலையில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்த் துருவலும்! "நடக்கிறவருக்குப் பசிக்கும், சிகு" என்றார். ஆசிரியன் என்று நான் சொல்லவே இல்லை. சப்பாத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாராம்.

மரவள்ளிக் கிழங்கு! ஜப்பான் காலத்தில் நம்மை உயிரோடு வைத்த உணவு. அப்பாயி கடைசிவரை வீட்டில் அதை வீணாக்க விட்டதில்லை. கம்பத்து வீட்டுப் படியில் உட்காரவைத்து ஒரு மலாய்க்காரத் தாய் தனக்குக் கிழங்கு கொடுத்ததையும், பிள்ளைக்குப் பால் கொடுத்து முடிக்கும் வரை வாசலில் காவல் நின்றதையும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். சிறுவயதில் எனக்கு அந்தக் கதை அலுத்துப் போயிருந்தது. அன்று ரோட்டோரத்தில் நின்று அந்தக் கிழங்கைத் தின்றபோது அலுக்கவில்லை.

கணக்குச் சரி

பாலத்தில் நின்று சிலிம் ஆற்றைப் பார்த்தேன். கலங்கல் இல்லாத நீர், கூழாங்கல் தெரிந்தது. சிறுவர்கள் சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். சிலிம் வில்லேஜ் கடைத்தெருவில் கால் வைத்தபோது மணி நாலே முக்கால். உட்கார்ந்த நேரத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரம். சுமார் இருபது கிலோமீட்டர். கைக்குழந்தை இல்லாத, வயிறு நிறைந்த, குடை பிடித்த ஆண்பிள்ளைக்கே ஒரு பகல் ஆனது. அப்பாயியின் கணக்கு சரி. அவருக்கு அப்போது வயது பத்தொன்பது.

போர் முடிந்து தாத்தா திரும்பி வந்தார். அதனால்தான் என் அப்பா பிறந்தார், நான் இதை எழுதுகிறேன். ஆனால் தாத்தா வரும்வரை அப்பாயியும் குழந்தையும் பிழைத்திருந்ததற்கு அந்த ஒரு பகல் காரணம். சுடுநீர் கொடுத்தவரும் கிழங்கு கொடுத்தவரும் காரணம். அவர்கள் பெயர் அப்பாயிக்குத் தெரியாது. அவர் புறப்பட்ட லயமும் இன்று இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நடை இருக்கும். தோட்டம் மாறிய நடை, துண்டாடலில் வேலை போய்ப் புறப்பட்ட நடை, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய நடை. வீட்டிலுள்ள மூத்தவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தச் சாலை, யார் வழியில் உதவினார்கள் என்று பிள்ளையின் பள்ளி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தச் சாலையில் இரண்டு கிலோமீட்டராவது பிள்ளையோடு காலையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வலப்பக்கமாக நடங்கள், மழை இருட்டினால் திரும்பிவிடுங்கள். கேட்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சாலை அங்கேயே இருக்கும், சொல்லக்கூடியவர்கள் அப்படி இருப்பார்களா?