எழுதி வைத்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்

உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வளாகத்தின் சம வாய்ப்புப் பிரிவில் மாணவர் பொறுப்பாளராகவும் இருக்கிறேன். சமத்துவப் பணி என்றதும் பலருக்கு உறுதிமொழிக் கூட்டங்கள் நினைவுக்கு வரும். என் நேரத்தில் பெரும்பகுதியோ, வாய்வழியாக உலவுவதைத் தாளில் ஏற்றுவதில் போகிறது.

ஆய்வுக்கூடத்தில் முக்கியமான பலவும் எழுத்தில் இருப்பதில்லை. கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்று எப்போது முடிவாகும், கைடை மாற்ற வேண்டுமானால் யாரைப் பார்ப்பது, உதவித்தொகை தாமதமானால் மெஸ் கட்டணத்துக்கு அவகாசம் உண்டா என்பதெல்லாம் சீனியர் சொல்லித்தான் தெரியவரும். அவரும் தன் ஊர்க்காரருக்கும் தன் மொழிக்காரருக்கும்தான் இயல்பாகச் சொல்வார். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவருக்கு இதையெல்லாம் கேட்கலாம் என்பதே தெரியாது. யாரும் ஒதுக்காமலேயே அவர் ஒதுங்கிப் போகிறார்.

அதனால் புதிதாகச் சேர்பவர்களுக்கென்று ஒரு கையேடு தொகுத்தோம். எழுத்தில் இருந்தும் பலருக்குத் தெரியாத விதிகளையும் அதில் சேர்த்தோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, பெண் ஆய்வாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிக்கு ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டு வரை தரலாம். விதி தெரிந்தவர் விண்ணப்பம் எழுதுகிறார். தெரியாதவர் கைடின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்.

கருத்தரங்குக்கும் சில நடைமுறைகள் வகுத்தோம். 10 நாடுகளில் 247 கருத்தரங்குகளைக் கவனித்து, 2018இல் பிளாஸ் ஒன் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட அரங்குகளில், பெண்கள் கேட்ட கேள்விகளின் பங்கு குறைவாக இருந்தது. ஆகவே முதல் கேள்வியை மாணவர்களுக்கு விடும்படி தலைமை வகிப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். குரல் எவ்வளவு கணீரென்று இருந்தாலும் மைக் இல்லாமல் யாரும் பேசக் கூடாது. செவித்திறன் குறைந்தவரின் கருவிக்கு மைக் வழியாக வரும் ஒலிதான் சரியாகப் போய்ச்சேரும். நுண்ணோக்கிப் படங்களில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து வந்தால், சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். சிவப்புக்குப் பதில் மெஜந்தா போதும். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

என் பொறுப்பில் கடினமானது, சாதியையும் நுழைவுத்தேர்வு ரேங்கையும் சொல்லிக் குத்திக்காட்டப்பட்டவர் எதிரே வந்து உட்காரும் நேரம். விசாரிக்கும் அதிகாரம் எனக்கில்லை. அந்த எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவேன். பாகுபாட்டைத் தடுக்க ஒவ்வொரு நிறுவனமும் தனி அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 2012இலேயே விதி வந்துவிட்டது. நடந்ததைத் தேதிவாரியாக அவரே எழுத உதவுகிறேன். அவர் விரும்பினால் அந்த அலுவலரின் அறைவரை உடன் போகிறேன். அவர் சம்மதமின்றி ஒரு சொல்லும் வெளியே போகாது.

ஆய்வு மாணவர்கள் நாலைந்து ஆண்டில் கிளம்பிவிடுவோம். என் ஆர்வத்தை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு என்னோடே போய்விடும். கையேட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பைப் பதிவாளர் அலுவலகம் ஏற்று, கையெழுத்திட்டு வெளியிட வேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான். அப்போது புதிதாக வருபவர் யாருடைய தயவையும் தேட வேண்டியதில்லை. தன் உரிமையைத் தானே படித்துக் கேட்பார்.