வண்டி பின்னால் வருகிறது

சென்னைக்கும் ஒரு குளிர்காலம் உண்டா என்று வடநாட்டு நண்பர்கள் பரிகாசம் செய்வது வழக்கம். அவர்களோடு வாதம் செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆயினும், வடகிழக்குப் பருவமழை ஆகாயத்தைக் கழுவிவிட்டுப் போன பின், மார்கழியில் ஒரு நாள் விடிந்தும் விடியாத வேளையில், தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரிலோ கூடுவாஞ்சேரியிலோ நடைமேடையின் கோடியில் போய் நின்று, ஒரு கூட்ஸ் வண்டி தலை முதல் வால் வரை கடந்து போவதைப் பொறுமையாகப் பார்த்தவர்கள், என்னைப்போல் காமிராவும் கையுமாக அங்கே மறுபடியும் மறுபடியும் போய் நிற்பதை விபரீதமாகக் கருதமாட்டார்கள்.

அந்த மாதம் விசேஷமானதற்குக் காரணம் குளிர் அன்று, வெயில். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கிறான். செங்கற்பட்டு நோக்கிப் போகும் இருப்புப்பாதையோ தென்மேற்காகச் சாய்ந்து செல்கிறது. ஆகையால் காலை வெயில் வண்டியின் முகத்தில் படுவதைக் காட்டிலும் அதன் கிழக்கு விலாவில்தான் நேராக விழுகிறது. எஞ்சினின் முகத்தை நாடுகிறவர்களுக்கு இது ஒரு குறை. வண்டியின் நீளத்தைப் படத்தில் அடக்க வேண்டும் என்பவர்களுக்கோ, செங்கற்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரி மழைநீரால் நிறைந்து கிடக்கும் இந்தப் பருவத்தைவிட அனுகூலமான காலம் வேறில்லை.

நீளம் என்றால் சாமான்யமான நீளம் அல்ல. திறந்த வேகன்கள் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது கோத்த ஒரு ரேக் ஏறக்குறைய 700 மீட்டர் வரும். இந்தப் பாதையில் இத்தகைய வண்டிகள் ஓடுவது அண்மைக் காலத்து விஷயம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மின்சார வண்டி ஓடத் தொடங்கியபோது அது மீட்டர் பாதை. பின்னாளில் ஜப்பானிலிருந்து வந்த சிறு மின்சார எஞ்சின்களும் மீட்டர் பாதைக்கென்றே செய்யப்பட்டவை. 2004-இல் கடைசி மீட்டர் பாதை மின்சார வண்டி நின்றது. மீட்டர் பாதைக் காலத்தில், அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த நிலையங்களில், ஒரு வேகனிலிருந்து இன்னொரு வேகனுக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கை மாற்றி ஏற்றிய தொழிலாளிகளின் முதுகுதான் இரண்டு பாதைகளையும் இணைத்துக்கொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

இப்போது பார்க்கக் கிடைப்பவற்றில் எனக்கு மிகவும் பிரியமானது கார் ஏற்றிச் செல்லும் வண்டி. தூரத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் அடைபட்ட பிரயாணிகள் வண்டி போலவே இருக்கும், உண்மையிலும் அதுவேதான். 1955-இல் ஆரம்பிக்கப்பட்ட பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் மாதிரியில் செய்யப்பட்டு, ஆண்டுக்கணக்காக மனிதரைச் சுமந்து ஓய்வு பெற்ற பெட்டிகளில், இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களைத் தகட்டால் மூடி, கார் நுழைய முனையில் கதவு வைத்து விடுகிறார்கள். பெட்டிக்கு ஐந்து கார் வீதம் இருபத்தைந்து பெட்டிகளில் 125 கார்கள், வாலாஜாபாத்தில் ஏறி வடக்கே பிரயாணம் செய்கின்றன. டிக்கெட் கிடைக்காமல் கதவோரம் தொங்கிக்கொண்டு போன பெட்டியில் இன்று கார் சௌகரியமாக உட்கார்ந்து போவதைக் காணும்போது சற்றுப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

நம் கைக்குக் கிடைக்கும் கால அட்டவணை எதிலும் கூட்ஸ் வண்டிக்கு இடம் இல்லை. சுருட்டிய கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாயிண்ட்ஸ்மேன் வெளியே வந்து நின்றால், ஏதோ வருகிறது என்று அர்த்தம். அப்படி ஒருநாள் கூடுவாஞ்சேரியில் அவர் வந்து நின்றபோது, நான் காமிராவை உயர்த்தி, நெருங்கி வந்த எஞ்சினை வரிசையாகப் படம் எடுத்துவிட்டு அதைக் கீழே இறக்கினேன். பக்கத்து பெஞ்சில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர், “என்ன தம்பி, எஞ்சின் போனதும் முடிச்சுட்டீங்க? வண்டி பின்னாடில்ல வருது!” என்றார்.

அவர் தண்டையார்பேட்டை யார்டில் வேகன் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி பார்ப்பதை நான் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தேன். அதைச் சம்பளத்துக்குச் செய்தவர் அவர். யார்டுக்குள் வண்டி நுழையும்போது இரு பக்கமும் ஆட்கள் குந்தி உட்கார்ந்து, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாமல் உருண்டு வரும் ஒவ்வொரு சக்கரத்தையும் கண்ணால் பின்தொடர்வார்கள். அதற்கு ‘ரோலிங் இன்’ என்று பெயர். கண் மட்டும் போதாது என்றார் அவர். பிரேக் விடுபடாமல் கவ்விக்கொண்டால் சக்கரம் உருளாமல் வழுக்கித் தேய்ந்து, ஓரிடத்தில் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தை ஒரு தட்டுத் தட்டும். சத்தத்தின் இடைவெளி மாறாமல் வந்தால் அது சக்கரத்தின் கோளாறு. இடம் மாறாமல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரே இடத்தில் கேட்டால் தண்டவாளத்தின் கோளாறு. அச்சு சூடேறினால் முதலில் தெரிவது வாசனை. எண்ணெயில் ஊறிய பஞ்சை அச்சுப் பெட்டியில் திணித்து ஓட்டிய காலத்தில், வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். பின்பு உருளை பேரிங் வந்தது. தொடாமலே சூட்டை அளக்கும் கருவியும் வந்தது. “இருந்தாலும் வண்டி நின்னதும் புறங்கை தானா அங்க போயிடும்” என்று சொல்லிக் கையைத் திருப்பிக் காட்டினார்.

வழியிலுள்ள நிலையங்களிலும் இந்தப் பார்வை உண்டு. நிலைய ஊழியர் வண்டியைப் பார்த்துக்கொண்டே பச்சைக் கொடியை நீட்டிப் பிடிக்க, கடைசியில் வரும் பிரேக் வேனிலிருந்து கார்டு பதிலுக்குத் தம் கொடியை நீட்டுகிறார். 2022 ஜனவரி முதல் அவருடைய உத்தியோகத்துக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். நடைமேடையில் அவர் இன்னும் கார்டுதான். நான்கே சக்கரம் உள்ள பழைய பிரேக் வேன்களில் மின்விளக்கும் கழிப்பறையும் இல்லாமல், ராத்திரி முழுவதும் குலுங்கிக்கொண்டு தனியே போகும் அந்த மனிதருக்கு, பட்டத்தைக் காட்டிலும் ஒரு நல்ல ஆசனம் உபகாரமாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அவருக்குப் பின்னால் எல்.வி. என்று எழுதிய பலகை தொங்கும். அதுதான் வண்டியின் கடைசிப் பெட்டி என்பதற்கு அடையாளம். அது கண்ணில் பட்டால்தான் வண்டி நடுவே அறுந்துபோகாமல் முழுசாக வந்து சேர்ந்தது என்று நிச்சயம். அச்சுகளை எண்ணும் மின்கருவிகள் அந்தக் கணக்கை இன்று தாமே பார்த்துக்கொள்கின்றன. ஆயினும் பெரியவர் பலகையைக் கண்ட பிறகுதான் பெஞ்சில் சாய்ந்தார்.

வேகன் எண்ணைப் படிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பதினோரு இலக்கங்களில் முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு அது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, அதற்கடுத்த இரண்டு செய்த வருஷம், பின் நான்கு அதன் சொந்த எண், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஓடும் வண்டியில் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்களை மட்டும் பொறுக்கிப் படித்து, வேகன்களின் வயசைச் சொல்லிக்கொண்டே வந்தார். தண்டவாளத்தருகே இறங்கி நின்றால் இன்னும் தெளிவாகப் படமெடுக்கலாமே என்று கேட்டதற்கு, 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவை, அத்துமீறலுக்கு என்ன தண்டனை என்பதோடு சேர்த்து ஒப்பித்தார்.

அடுத்த தடவை, தலை முதல் வால் வரை எடுத்த படங்களைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். எஞ்சினை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். ஏழெட்டு வேகன் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, அடியில் ஏதோ தொங்குவதாகத் தோன்றிய கறுப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். வண்டி போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

“நெழல்தான்” என்றார். பிறகு, “எல்லாம் கிழக்குப் பக்கமாவே இருக்கே. அந்தப் பக்கம் யாரு பார்த்தா?” என்று கேட்டார்.

மேற்குப் பக்கத்துக்கு மூன்று மணிக்கு மேல்தான் வெயில் வரும் ஐயா என்றேன்.

“அப்போ சாயங்காலம் வாங்க.”