மொட்டை மாடியில் ஐந்தரைக் கட்டை

நவம்பர் 9, ஞாயிறு
சேர்ந்து வாசிக்க என் மாணவர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டேன். நாலு பேர் வந்தார்கள். கிடார், கீபோர்டு, ட்ரம்ஸ், பாட்டு. மாடி ஏறி இறங்கி முட்டி விண் விண்ணென்கிறது.
வகுப்பில் ஒவ்வொன்றும் புலி. டிரினிட்டி ஐந்தாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கியவள், பக்கத்தில் இன்னொருத்தன் வாசித்தால் தாளம் விடுகிறாள். தாளிலிருந்து கண் நிமிரவே இல்லை. கிடார்க்காரன் பாட்டை முடித்துவிட்டு செல்போன் பார்க்கிறான். ட்ரம்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
பேஸ் கிடாருக்கு ஆள் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்
கீபோர்டு வகுப்பு. ஸ்கேல், ஸ்கேல், ஸ்கேல். செருப்பு மாட்டும்போது, "ஞாயித்துக்கிழமை உண்டா மிஸ்?" இவள் வாய் திறந்து ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை.

நவம்பர் 16, ஞாயிறு
பாடுகிறவள் கர்நாடக சங்கீதம். "எனக்கு அஞ்சரைக் கட்டை மிஸ்." கிடார்க்காரன் விழித்தான். ஜி ஷார்ப் என்றதும் முகம் செத்துவிட்டது. பார் கார்டு பிடித்தால் கை வலிக்குமாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி பிடிடா என்றேன். பிடித்தான். கீபோர்டுக்காரி டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டாள், அடுத்த பாட்டுக்கு அதை எடுக்க மறந்துவிட்டாள். ஒரு பாட்டு முழுக்க அரைக்கட்டை தள்ளி. பாடுகிறவள் காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
இடைவேளையில் கிடார்க்காரன் மறுபடி இளைய நிலா. 1982 பாட்டு, இவன் அப்பா அப்போது டவுசர் போட்டிருப்பார். முன்னிசை மட்டும்தான் தெரியும்.
பேஸ் யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். நாலு கம்பி, சோலோ இல்லை, மேடையில் ஓரத்தில் நிற்க வேண்டும். யாருக்கு வேண்டும்?

நவம்பர் 19, புதன்
ட்ரம்ஸ் பையனின் அப்பா வந்தார். பத்தாவது பப்ளிக் எக்ஸாம். கிளாஸ் சரி, இதெல்லாம் எதுக்கு மேடம்? ரகுமானும் சிவமணியும் சின்ன வயதில் ரூட்ஸ் என்று ஒரு பேண்டில் வாசித்தவர்கள்தான் சார் என்றேன். யோசித்தார். அரையாண்டு வரைக்கும் விடுகிறேன் என்றார். ரகுமான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் என்பது நல்லவேளை அவருக்கு ஞாபகம் வரவில்லை.
காபி ஆறிப்போயிற்று. அப்படியே குடித்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு
கீழ்வீட்டு மாமா மாடிக்கே வந்துவிட்டார். ராத்திரி பத்துக்கு மேல்தானே மாமா தடை, மணி அஞ்சுதானே என்றேன். குடியிருப்புப் பகுதியில் பகலிலும் 55 டெசிபல்தான் என்றார். ரிட்டயர்டு இன்ஜினியர். ஸ்னேர் ஒன்றே நூறைத் தாண்டும். சட்டம் பேசப் போய் எனக்கே இடி.
ஸ்னேர் மேல் டர்க்கி டவல். பேஸ் டிரம்முக்குள் தலையணை. இப்போது சத்தம் சப்பையாக இருக்கிறது, ஆனால் பாடுகிறவளின் குரல் கேட்கிறது. இதை முதல் வாரமே செய்திருக்கலாம்.
காது இன்னும் கொய்ங்.

நவம்பர் 25, செவ்வாய்
மழை. யாரும் வரவில்லை. நிம்மதி. சாயந்திரம் போர் அடித்தது.

நவம்பர் 30, ஞாயிறு
பேஸுக்கு ஆள் கிடைத்தாச்சு. நான் கண்டுபிடிக்கவில்லை. ட்ரம்ஸ் பையன் கூட்டிவந்தான், அவன் ஸ்கூல் ஃப்ரெண்டாம். சபையில் வாசிக்கிறவன். நோட்டேஷன் தெரியாது. ஸ்டாண்டில் தாளை வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ட்ரம்ஸ் பையனின் காலையே பார்த்தான். கிக் விழும் இடத்தில் இவனும் விழுந்தான்.
கீபோர்டுக்காரியின் இடது கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாளிலிருந்து கண்ணும் நிமிர்ந்தது.
என்னிடம் ஒரு நாள் படித்ததில்லை அவன்.

டிசம்பர் 2, செவ்வாய்
எரிச்சல். காரணம் தெரியும், எழுத மாட்டேன்.
கீபோர்டுக்காரிக்குக் கிரேடு பாடம் நடத்தினேன். நானே அவள் முன்னால் கொட்டாவி விட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு
வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். படிக்கட்டிலேயே கேட்டது. பாட்டு நடுவில் ட்ரம்ஸ் ஓட ஆரம்பித்தது. பேஸ் ஓடவில்லை. இரண்டு சுற்றில் ட்ரம்ஸ் தானே இறங்கி வந்தது. நான் என்றால் நிறுத்திவிட்டு, கை தட்டிக் காட்டியிருப்பேன்.
மேலே போனதும் எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பழைய வகுப்பு முகம். கீபோர்டுக்காரி தாளைத் தேடினாள்.
துணி எடுக்க வந்தேன் என்றேன். கொடியில் துணியே இல்லை.

டிசம்பர் 10, புதன்
தெருப் பொங்கல் விழாவில் மூன்று பாட்டுக்கு இடம் கேட்டிருக்கிறார்களாம். அவர்களே போய்க் கேட்டிருக்கிறார்கள். பேண்டுக்குப் பேரும் வைத்தாச்சாம். என்ன பேர் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.
பாடுகிறவள் மாடி ரூம் சாவி கேட்டாள். ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டுத்தான் பூட்டணும், கேப்போவை கிடார்லயே விடக்கூடாது, மாமா சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துல டவலை எடுக்கக்கூடாது. சரி மிஸ், சரி மிஸ், சரி மிஸ். கொடுத்தேன்.
ஸ்டிக் ஒரு ஜோடி உடைந்திருக்கிறது. வாங்கித் தர மாட்டேன். சனிக்கிழமை மவுண்ட் ரோடு பக்கம் போனால் பார்க்கணும்.