ஆமென் போட்டாயிற்று, போய்ப் பார்த்தாயிற்றா?

மெல்போர்ன்



இந்த வாரம் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு படத்தால் வம்பு வந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனப் போட்டி. ராசிபுரத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர் ஒருவர், பேத்தி பரிசு வாங்குவதைக் கைப்பேசியில் எடுத்தார். எந்த அப்பிச்சிதான் எடுக்க மாட்டார்? உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை முகநூலிலும் ஏற்றிவிட்டார். படத்தில் பேத்தியோடு வேறு நாலைந்து பிள்ளைகளும் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் சபையின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் பெண் வந்து, "அங்கிள், அந்தப் படத்தை எடுத்துடுங்க" என்றார். பெரியவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "ஏனுங்க, நம்ம புள்ளைங்க படத்தை நாம போட்டாக் குத்தமுங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் சுருக்கென்றது. வயசாளியை நாலு பேர் சாப்பிடும் இடத்தில் வைத்தா திருத்துவது? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் எந்த விதி கெட்டுப்போகும்?

அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விக்டோரியா மாநிலத்தில் பிள்ளைகளோடு பழகும் அமைப்புகள், பள்ளியோ, நீச்சல் வகுப்போ, கோயிலோ, சர்ச்சோ, பதினொரு பாதுகாப்பு நெறிகளுக்குக் கட்டுப்பட்டவை. இப்போதைய வடிவம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் ஒன்பதாவது நெறி, பிள்ளைகள் இருக்கும் இடம் எவ்வளவு பத்திரமோ அவ்வளவு பத்திரமாக அவர்களுடைய இணைய உலகமும் இருக்க வேண்டும் என்கிறது. ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அக்காவும் அரசின் சரிபார்ப்பு அட்டை வாங்கித்தான் வகுப்புக்குள் நுழைய முடியும். தொண்டு செய்பவர்களுக்கு அட்டை இலவசம், ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கு மேல் அந்தந்தச் சபை தனக்கென்று விதி எழுதிக்கொள்கிறது. எங்கள் சபையில் பிள்ளையின் படத்தை வெளியிடப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். படத்தோடு பெயரைச் சேர்த்துப் போடக் கூடாது. பெரியவர்கள் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரும் இருக்கிற குழுவில்தான் சொல்ல வேண்டும். ஆயருக்கும் இதே விதிதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? தகப்பனோ தாயோ பிள்ளையின் பக்கமே வரக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்துவைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அப்படி ஒரு பிள்ளை அந்தப் படத்தின் ஓரத்தில் நின்றிருந்தால்? எந்த ஊர், எந்தச் சபை, ஞாயிறு எத்தனை மணி என்று அத்தனையையும் அந்த ஒரே படம் காட்டிக்கொடுத்துவிடும். சும்மா உட்கார்ந்து எழுதிய விதி அல்ல இது. சபைகளிலும் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளையும், பெரிய மனிதர்கள் அவற்றை மூடி மறைத்ததையும், 2013 முதல் 2017 வரை ஒரு விசாரணை ஆணையம் இந்த நாட்டில் தோண்டி எடுத்தது. சபைகள் நாடு பார்க்கத் தலைகுனிந்து நின்ற பிறகுதான் இந்தப் படிவமெல்லாம் வந்தது.

போதாக்குறைக்கு, 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகள் இன்ஸ்டாகிராம், முகநூல், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்துக்கொள்ள ஆஸ்திரேலியா முழுக்கத் தடை. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் அபராதம் இல்லை. பிள்ளையை உள்ளே விட்ட கம்பெனிதான் 4.95 கோடி டாலர் வரை கட்ட வேண்டும். நம் ஊரில் இதுபோல ஒன்று வந்தால் முதலில் மாட்டுவது அந்தப் பிள்ளையின் அம்மாவாகத்தான் இருக்கும். வயதைக் கூட்டிச் சொல்லி நுழையும் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள்தான். ஆனாலும் எங்கள் வாலிபர் கூட்டத்தில் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதால் நான் சட்டத்தின் பக்கம்.

இனி நம் நாமக்கல் கதைக்கு வருகிறேன். ஊர்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். பண்ணைக்காரருக்கு முட்டை விலை வருவதுபோல தினமும் காலையில் அன்றைய வாக்குத்தத்தம் வந்துவிடும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இங்கே குளிரில் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது அது ஒரு தெம்புதான். ஜெபக் குறிப்பு வரும்போதுதான் பதறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கில் குழாயோடு கிடக்கிற பிள்ளையின் படம், அதன் பெயர், அப்பா பெயர், தெரு, நோய், மருத்துவர் கைவிரித்த கதை என்று ஒன்றுவிடாமல் வருகிறது. இன்னொன்றில் இன்னார் மகளுக்கு நிச்சயம் நின்றுபோன விவரம், காரணத்தோடு. கீழே நூறு ஆமென், கைகூப்பிய பொம்மைகள். அங்கிருந்து திருச்செங்கோடு, குமாரபாளையம், கரூர் என்று குழு குழுவாகத் தாண்டிப் போகும். அந்தப் பெண் நாளைக்குத் திருச்செங்கோட்டில் வேலைக்குப் போனால் அவளுக்கு முன்பே அவள் கதை அங்கே போய் உட்கார்ந்திருக்கும். பரிதாபப்பட்டுச் செய்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்ன ஆண்டவர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கதவைத் திறந்துவிடச் சொல்லவில்லை.

கருவியைத் தூக்கி எறியச் சொல்பவன் அல்ல நான். 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். ஊரடங்கில் ஆலயக் கதவு பூட்டிக் கிடந்தபோது கைப்பேசி வழியாகத்தான் ஆராதனை வீட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் ஞாயிறு என்பதே வாய்க்காத ஒரு கூட்டம் நம் மாவட்டத்தில் உண்டு. கேஸ் டேங்கர் ஓட்டிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுகிறவர்கள். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியோடு மாதக்கணக்கில் வடக்கே கிடக்கிறவர்கள். ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தன் சபைப் பாட்டைக் கைப்பேசியில் கேட்கிற டிரைவருக்கு யூடியூப் பெரிய கிருபை. மெல்போர்னில் இருக்கிற எனக்கும்தான். வர முடியாதவனுக்காக வந்த வசதி அது. கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து திருவிருந்து ஆராதனை பார்க்கிறவரைப் பற்றி நான் என்ன சொல்வது? ஆயர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ஆயர் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, 'அவசரம், ஜிபே பண்ணுங்க' என்று யாராவது கேட்டால் உடனே அனுப்பாதீர்கள். முதலில் ஆயரிடமே போனில் பேசுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். விசுவாசம் வேறு, விசாரிக்காமல் நம்புவது வேறு.

இதையெல்லாம் யோசிக்கும்போது என் மனசு கொல்லிமலைக்குப் போய்விடுகிறது. மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லினும் 1913-இல் மணமாகி அந்த மலையில் குடித்தனம் வைத்தார்கள். வருஷக்கணக்கில் பிரசங்கம் செய்தும் யாரும் அசையவில்லை. 1918-இன் விஷக்காய்ச்சலில், உறவுக்காரரே நெருங்கப் பயந்த வீடுகளுக்குள் இருவரும் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் ஊட்டினார்கள். அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர், தானும் நோயில் விழுந்தபோது தன் பெண் குழந்தையை நம்பி ஒப்படைத்தது அவர்களிடம்தான். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. இறந்த சேதி தந்தியில் முந்தி வந்துவிட்டது. அப்பா அதற்கு முன்பே எழுதிய கடிதம் கப்பலில் பிந்தி வந்தது. தந்தியைவிட அந்தக் கடிதம்தான் மகனோடு ஆயுசு முழுக்க இருந்தது. பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட் அவர்தான்.

எவ்லின் அம்மாள் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. குதிரைமேல் மலை மலையாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் பதிவு செய்திருக்கிறார். 1974 டிசம்பரில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அந்த மலையில் அடக்கமானார். ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடியபடி செல்ஃபி எடுக்கும் நம் வாலிபத் தம்பிகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

மெல்போர்ன்காரர்களிடம் படிவம் இருக்கிறது, வீட்டுக்கு வரும் கால் இல்லை. என் அடுத்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய சேதி எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது; அவருடைய அந்தரங்கத்தை அவ்வளவு நன்றாகக் காத்துவிட்டார்கள்! நாமக்கல்லில் என்றால் இட்லியும் ரசமும் தூக்குச்சட்டியில் போயிருக்கும். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தூக்குச்சட்டிதான். ஆனால் கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கத்தை இவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அது நம் ஜெபக் குழுவின் வாசலுக்கு வந்து தட்டும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆகவே குழுவை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் சொல்கிறேன். நோயாளியின் படம் வேண்டாம், பெயரின் முதல் எழுத்து போதும். யாருக்காக ஜெபிக்கிறோம் என்று ஆண்டவருக்குத் தெரியும். அதையும் வீட்டாரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அடுத்தவர் பிள்ளை இருக்கிற படமென்றால் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஆமென் போட்ட கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள்.