காணித் தாத்தாவின் உள்ளங்கை

கொக்கரைச் சத்தம் காதில் விழுந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பல்வெட்டிய இரும்புக் குழலில் இரும்புக் கம்பியை இழுத்து இழுத்து எழுப்புகிற கரகரப்பு அது. பொதிகை மலையில், காரையாறு அணையை ஒட்டிய காணிப் பழங்குடியினரின் குடியிருப்பில் யாருக்காவது நோய் முற்றினால், ராத்திரி நெடுக அது கேட்கும். அதன்மேல் ஏறிக்கொண்டு, அவர்களுடைய வைத்தியப் பூசாரியான பிலாத்தி நோய் தீரப் பாடும் சாற்றுப்பாட்டு வரும். மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்த நாங்கள் அதைக் கேட்டபடியேதான் தூங்கிப்போவோம். விடியும்போது பாட்டு ஓய்ந்திருக்கும். தாமிரபரணி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது இருப்பது டெல்லி. ஐப்பசி முடியும் முன்னே புகை இறங்கிவிடும். கூடவே எனக்கு இருமல். காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரம் அறையில் ஓடுகிறது. போனைத் தட்டினால் மருந்து வாசலுக்கு வருகிறது. இருமலும் அடங்கத்தான் செய்கிறது. ஆனால், ராத்திரி எப்படி இருந்தது என்று மறுநாள் காலையில் கேட்க யாரும் வருவதில்லை. அங்கே காணித் தாத்தா வருவார்.

ஆடாதொடை இலையை அனலில் காட்டி வாட்டுவார். இலை கறுத்துத் துவண்டதும் உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார். மரச்சீனிக் கிழங்கு தோண்டித் தோண்டிக் காய்த்துப்போன கை. விரலிடுக்கில் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். அதை மலைத்தேனில் குழைத்து நாக்கில் தடவிவிட்டு, கசப்பு தொண்டைக்குள் இறங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "முழுங்கிட்டியா மக்கா?" அந்த ஒரு கேள்வி. அதற்காகவே இன்னொரு தரம் இருமலாம் என்றிருக்கும்.

நன்னாரி வாசமும் போயிற்று. இங்கே கடையில் பாட்டிலில் சர்பத் கிடைக்கிறது; தித்திப்பு இருக்கிறது, மண் இல்லை. தாத்தா வேர் தோண்டும்போது குனிந்து நின்றால், ஈரமண்ணோடு சேர்ந்து ஒரு மணம் முகத்தில் அடிக்கும். வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, மிச்ச வேரை மண் தள்ளி மூடி, காலால் மிதித்துவிட்டுத்தான் நகர்வார். வாய் திறந்து பாடம் எதுவும் சொன்னதில்லை. கூட நடந்தவர்களுக்குத் தெரிந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவில் இருப்பவர்களும் காணிகள்தான். 1987-ல் அகத்தியர்கூடம் பகுதிக்குப் போன ஆய்வாளர்கள் நடந்து களைத்தபோது, வழிகாட்ட வந்த காணிகள் ஒரு சிறு பழத்தை மென்றபடி சோர்வில்லாமல் நடந்தார்கள். என்ன பழம் என்று சொல்ல முதலில் தயங்கினார்கள். பிறகு செடியையே காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதைக் கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் பேசி, அதைத் தயாரிக்கும் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போனது. கிடைப்பதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளையும் வந்தது. அறிவுக்கு உரியவர்களுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகமே அதை உதாரணம் காட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஒரு செடிக்குத்தான் விலை பேசினார்கள். பேர்கூடத் தெரியாமல் தாத்தாக்களோடு போய்விட்ட செடிகள் எத்தனையோ, அந்தக் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது?

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். தேள் கடிக்குப் பச்சிலை வைத்த ஒரு கை, மாந்தத்துக்கு உரைமருந்து கொடுத்த ஒரு குரல். இருந்தபோது கூட நடக்க நமக்கு நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது, நடக்க அவர்கள் இல்லை.

தாத்தாவும் இல்லை. காணிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், விடுதியில் தங்குகிறார்கள், படிக்கத்தான் வேண்டும். 1988 முதல் அந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்; நினைத்தபடி நுழைய முடியாது. புலியும் வாழத்தான் வேண்டும். ஆனால் அந்த மருத்துவம் ஏட்டில் இல்லை. தாத்தாவின் பின்னால் பேரன் நடந்த ஒற்றையடிப் பாதையில் இருந்தது. நடை நின்றால் அதுவும் நின்றுபோகும்.

காட்டின் விளைபொருளைச் சேகரிக்கவும், தங்கள் பாரம்பரிய அறிவைச் சமூக உரிமையாகக் காத்துக்கொள்ளவும் பழங்குடிகளுக்கு உரிமை உண்டு என்று 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தில் எழுதிய அந்த உரிமை காட்டுக்குள்ளும் கிடைக்கட்டும். பள்ளி விடுமுறையில் ஒரு காணிப் பேரன் தன் தாத்தாவோடு, யாருக்கும் பயப்படாமல், காடு ஏறி இறங்கட்டும். செடிகள் இன்னும் இருக்கின்றன. தெரிந்தவர்களும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள்.